பழைய ஆங்கிலப் பக்திப் பாடல்களில் 'லார்ட்' என்பது யார்? ஒரு சொல்லைப் பின்தொடர முழுமையான வழிகாட்டி

ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பக்திப் பாடல்களை இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்க எடுத்தால், முதல் பக்கத்திலேயே கண்ணில் படுகிற சொல் 'லார்ட்'. அடுத்த பக்கத்திலும் அதேதான். கடவுள் லார்ட், கிறிஸ்து லார்ட், ஊரை ஆளும் தலைவன் லார்ட், சில இடங்களில் கொடுங்கோலன்கூட லார்ட். நாலைந்து பக்கம் போனதும் கண் அந்தச் சொல்லை நிறுத்திப் படிக்காமல் தாண்டிவிடும். ஏதோ ஜெபத்தில் வரும் வழக்கமான சொல் என்று மனசும் விட்டுவிடும். பாட்டில் பாதி அங்கேதான் கைநழுவிப் போகிறது.

ஏனென்றால் மூலத்தில் அது ஒரு சொல் இல்லை. 'டிரிஹ்டன்', 'ஃப்ரேயா', 'ஹ்லாஃபோர்ட்', 'தேயோடன்', 'ஹெயர்ரா' என்று குறைந்தது ஐந்து சொற்கள் அந்த ஒரே உறைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. எது எங்கே, ஏன் வருகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழைய ஆங்கில இலக்கணம் முழுவதும் கற்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமை, கீழே சொல்லும் வரிசை, இவை போதும்.

தொடங்கும் முன்: என்ன கையில் இருக்கிறது?

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆங்கிலோ-சாக்சன் காலத்து ஆங்கிலத்தில், மிஞ்சியிருக்கும் கவிதை மொத்தமே சுமார் 30,000 வரிதான். அதில் பெரும்பகுதி நான்கு கையெழுத்துச் சுவடிகளில் இருக்கிறது: ஆக்ஸ்போர்டில் உள்ள ஜூனியஸ் சுவடி, இத்தாலியில் உள்ள வெர்ச்செல்லி சுவடி, எக்ஸெட்டர் பேராலயத்துச் சுவடி, பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, 'பேயோவுல்ஃப்' என்ற வீரகாவியம் அடங்கிய பேயோவுல்ஃப் சுவடி. நான்கும் ஏறக்குறைய கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்டவை. பாடல்களில் பல அதைவிடப் பழையவை.

இவற்றின் மூலப் பாடத்தை கிராப், டாபி என்ற இரு அறிஞர்கள் 1931 முதல் 1953 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். வரி எண் சொல்வதற்கு எல்லோரும் அந்தப் பதிப்பைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அகராதிக்கு பாஸ்வொர்த்-டாலர், பிராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் வைத்திருக்கிறது. இந்த இரண்டும் திறந்திருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

முதல் படி: ஒன்பது வரியில் கை பழகுங்கள்

நேராகப் பெரிய பாட்டில் குதிக்க வேண்டாம். கேட்மனின் துதிப் பாடலை எடுங்கள். ஒன்பதே வரி. மாடு மேய்த்துக்கொண்டிருந்த கேட்மன் என்பவர், வடக்கு இங்கிலாந்தில் ஹில்டா அம்மையார் தலைமை வகித்த விட்பி மடத்தில், கனவில் வந்த கட்டளைக்குப் பணிந்து பாடியது என்று பீட் என்ற துறவி 731இல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பை ஒரு பக்கமும் மூலத்தை இன்னொரு பக்கமும் வைத்து, கடவுளைக் குறிக்கும் சொற்களை மட்டும் கோடிடுங்கள். மூலத்தில் எட்டு இடம் தேறும். 'வெயர்ட்' (காவலன்) இரண்டு முறை, 'மெட்டொட்' (அளந்து வகுப்பவன்), 'மகிமையின் தந்தை', 'ஏச்செ டிரிஹ்டன்' (என்றுமுள்ள டிரிஹ்டன்) இரண்டு முறை, 'படைப்போன்', கடைசியில் 'எல்லாம் வல்ல ஃப்ரேயா'. மொழிபெயர்ப்பில் டிரிஹ்டனும் லார்ட்தான், பல பதிப்புகளில் ஃப்ரேயாவும் லார்ட்தான்.

இந்தப் பாட்டின் முதல் மொழிபெயர்ப்பாளர் பீட்தான். லத்தீனில் அதன் கருத்தைத் தந்தபோது அவர் முதல் 'ஏச்செ டிரிஹ்டனை' 'நித்திய கடவுள்' என்று மாற்றினார், இரண்டாவதை விட்டேவிட்டார். இரண்டு காவலர்களில் ஒருவர் 'கர்த்தா' ஆகிவிட்டார், இன்னொருவர் மட்டும் காவலராகவே நின்றார். பாட்டை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அழகும் கம்பீரமும் கெடும் என்று அதே இடத்தில் எழுதியும் வைத்தார். ஆக, நாம் தேடும் சிக்கலுக்கு வயது ஆயிரத்து முந்நூறு.

இரண்டாம் படி: ஒவ்வொரு சொல்லின் வேரைக் குறித்துக்கொள்ளுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்தால் பிறகு அகராதி பக்கம் ஓட வேண்டாம்.

டிரிஹ்டன்: 'டிரிஹ்ட்' என்றால் ஒரு தலைவனைச் சுற்றி நிற்கும் போர்வீரர் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் டிரிஹ்டன். கிறிஸ்தவம் வந்த பிறகு இந்தச் சொல் பெரும்பாலும் கடவுளுக்கே போய்விட்டது. மனிதத் தலைவனைச் சொல்ல முன்னால் ஒரு ஒட்டு சேர்ப்பது வழக்கமானது: 'மான்-டிரிஹ்டன்', 'வினெ-டிரிஹ்டன்' (நட்புடைய தலைவன்) என்று. இன்றைய ஆங்கிலத்தில் சொல் செத்துவிட்டது. ஐஸ்லாந்து மொழியில் 'ட்ரோட்டின்' என்று கடவுளைக் குறிக்க இன்றும் இருக்கிறது.

ஹ்லாஃபோர்ட்: 'ஹ்லாஃப்' ரொட்டி, 'வெயர்ட்' காவலன். ரொட்டியைக் காத்துப் பங்கிடுபவன். கென்ட் அரசன் ஏதெல்பெர்ட்டின் சட்டத்தில் ஒருவனை அண்டிப் பிழைப்பவனுக்கு 'ரொட்டி தின்பவன்' என்றே பெயர். நம் வழக்கில் சொன்னால் படியளப்பவன். இந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து 'லார்ட்' ஆனது. வேடிக்கை என்னவென்றால், கூடப் பிறந்த மற்ற நான்கு சொற்களையும் இன்று மொழிபெயர்ப்பில் விழுங்கி நிற்பது இதன் பேரன்தான்.

தேயோடன்: 'தேயோட்' மக்கள், மக்கள் தலைவன். ஃப்ரேயா: எசமான், கோன், வட ஐரோப்பியரின் பழைய தெய்வமான ஃப்ரேயின் பெயரும் இதே குடும்பம். ஹெயர்ரா: இதைத் தனியாகப் பார்ப்போம், அதற்கொரு கதை உண்டு.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிரிஹ்டன் என்ற சொல்லை நடுவில் 'இ' போட்டும் எழுதுவார்கள், 'ஒய்' போட்டும் எழுதுவார்கள். வடக்கு இங்கிலாந்தின் பழைய பிரதிகளில் 'டிரிக்டின்' என்று இருக்கும். வேற்றுமை உருபு சேர்ந்தால் இடையில் உள்ள உயிர் விழுந்து 'டிரிஹ்ட்னெஸ்', 'டிரிஹ்ட்னெ' என்றாகும். கணினியில் ஒரே வடிவத்தை மட்டும் தேடினால் பாதி இடங்கள் தப்பிவிடும். தேயோடனைத் தேடும்போது 'தார்ன்' என்ற பழைய எழுத்தை இட வேண்டும். ஆங்கிலத்தின் 'டி', 'எச்' இரண்டையும் சேர்த்து அடித்தால் பெரும்பாலான பதிப்புகளில் ஒன்றும் சிக்காது.

மூன்றாம் படி: பெரிய எழுத்தை நம்பாதீர்கள்

மொழிபெயர்ப்பில் 'லார்ட்' பெரிய எழுத்தில் தொடங்கினால் கடவுள், சின்ன எழுத்தில் தொடங்கினால் மனிதன் என்று நினைத்துவிடுவோம். சுவடியில் அந்த வேறுபாடு கிடையாது. பாட்டு வரி பிரிக்கப்படாமல் உரைநடை போலத் தொடர்ந்து ஓடும். பெரிய எழுத்து, வரிப் பிரிவு, பெரும்பாலான நிறுத்தக்குறி எல்லாம் பதிப்பாசிரியர் போட்டவை. அதாவது, அவருடைய தீர்ப்பு.

இதைப் பார்க்க எக்ஸெட்டர் சுவடியில் உள்ள 'கடலோடி' பாட்டைவிட நல்ல இடம் இல்லை. 41ஆம் வரியில், எவ்வளவுதான் தன் டிரிஹ்டன் அன்பாக இருந்தாலும் கடல் பயணம் போகிறவனுக்குக் கவலை இல்லாமல் இருக்காது என்கிறது பாட்டு. 43ஆம் வரியில், டிரிஹ்டன் தன்னை என்ன செய்யப் போகிறாரோ என்ற கவலை என்று முடிக்கிறது. முதல் டிரிஹ்டன் கரையில் இருக்கும் தலைவன். இரண்டாவது கடவுள். ஒரே சொல், இரண்டு வரி இடைவெளி. கேட்டவர்களுக்கு அது உறைத்திருக்கும்: உன் தலைவன் நல்லவன்தான், ஆனால் கடலில் உன் கதியை முடிவு செய்பவர் வேறொருவர்.

அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1911இல் இதை மொழிபெயர்த்தபோது முதல் டிரிஹ்டனை 'அரசன்' ஆக்கினார், இரண்டாவதைச் சின்ன எழுத்து லார்ட் ஆக்கினார். கடவுள் காணாமல் போனார். 65ஆம் வரியில் இன்னும் மோசம். மூலம் சொல்வது: 'டிரிஹ்டனின் மகிழ்ச்சிகள் இந்தச் செத்த வாழ்வைவிட எனக்குச் சூடானவை.' பழைய ஆங்கிலத்தில் 'ட்ரேயாமாஸ்' என்றால் மகிழ்ச்சிகள். பவுண்ட் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு, 'என் தலைவன் இந்தச் செத்த வாழ்வை எனக்கு விதிக்கிறான்' என்கிற மாதிரி எழுதிவிட்டார். பாட்டின் முடிவில் வரும் பக்தி வரிகளையும், கடைசி இருபது சொச்சத்தையும், அப்படியே விட்டுவிட்டார். ஓசைக்காக அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டாடுகிறார்கள். எனக்கும் அந்த ஓசை பிடிக்கும். ஆனால் அதை மட்டும் படித்தவர் இது ஒரு பக்திப் பாட்டு என்றே கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் நோட்டில் எழுத வேண்டிய கேள்வி: யார் யாரை இப்படி அழைக்கிறார்? 'ஆண்ட்ரேயாஸ்' பாட்டில் புயலுக்கு நடுவே சீடர்கள் அந்திரேயாவிடம், உம்மைக் கைவிட்டால் 'ஹ்லாஃபோர்ட் இல்லாதவர்களாக' எங்கே போவோம் என்று கேட்பது 405ஆம் வரி. அந்த ஹ்லாஃபோர்ட் கடவுள் இல்லை, முன்னால் நிற்கும் அப்போஸ்தலர்தான்.

நான்காம் படி: மோனையைப் பாருங்கள்

இது விட்டுவிட முடியாத படி. இதைச் செய்யாமல் சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள் இல்லாத இறையியலை எல்லாம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழைய ஆங்கிலப் பாட்டில் ஒவ்வொரு வரியும் இரண்டு பாதி. இரண்டையும் கட்டிப்போடுவது முதலெழுத்து ஒலி ஒன்றுவது, நம்முடைய மோனை மாதிரி. உயிரெழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லும் வேறு எந்த உயிரெழுத்துச் சொல்லோடும் மோனையாகும். அதனால் புலவன் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதை அந்த வரிக்குத் தேவையான ஒலியே பல சமயம் தீர்மானித்துவிடும்.

கேட்மனின் 'ஏச்செ டிரிஹ்டன்' வரும் இரண்டு வரியிலும் மோனை 'ட'வில் இல்லை, 'ஏச்செ'யின் உயிரில் இருக்கிறது. டிரிஹ்டன் மாறாமல் நிற்க, முன்னால் வரும் அடைமொழி மாறும். உயிர் மோனை வேண்டுமா, 'ஏச்செ' (என்றுமுள்ள). 'ம' வேண்டுமா, 'மிஹ்டிக்' (வல்ல). 'ஹ' வேண்டுமா, 'ஹாலிக்' (புனித). இந்த அடைமொழிகளை வைத்துக்கொண்டு, புலவர் இந்த இடத்தில் கடவுளின் நித்தியத்தை வலியுறுத்துகிறார் என்றெல்லாம் எழுதப் போனால் கொஞ்சம் நிதானியுங்கள். வரிக்கு ஒரு உயிரெழுத்து தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணமாக இருக்கலாம்.

ஆனால் டிரிஹ்டனே மோனையைத் தாங்கி நிற்கும் வரிகளும் உண்டு. அவற்றுக்கு நோட்டில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். சற்று முன் பார்த்த 'டிரிஹ்ட்னெஸ் ட்ரேயாமாஸ்' வரியில் அதே 'ட' ஒலி 'செத்த' என்ற சொல்லிலும் வருகிறது. ஆண்டவரின் மகிழ்ச்சியும் செத்த வாழ்வும் ஒரே ஒலியில் மோதுகின்றன. அங்கே புலவர் சொல்லை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்.

ஐந்தாம் படி: ஒரு காட்சியை முழுதாகப் பிரித்துப் பாருங்கள்

வெர்ச்செல்லி சுவடியில் உள்ள 'சிலுவையின் கனவு', 156 வரி. இதன் சில அடிகள் ஸ்காட்லாந்தின் ரத்வெல் ஊரில் உள்ள எட்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவையில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. பாட்டில் சிலுவையே தன் கதையைச் சொல்கிறது. 33 முதல் 45 வரை உள்ள வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பகைவர்கள் என்னை நட்டார்கள், அப்போது மனிதகுலத்தின் ஃப்ரேயா மிகுந்த துணிவோடு விரைந்து வருவதைக் கண்டேன் என்கிறது சிலுவை. பகைவர் என்ற சொல்லும் ஃப்ரேயாவும் 'ஃப'வில் மோனை. அடுத்து: டிரிஹ்டனின் சொல்லை மீறி வளையவோ முறியவோ நான் துணியவில்லை. 'துணிதல்' என்ற சொல்லும் டிரிஹ்டனும் 'ட'வில் மோனை. பிறகு ஒரு இளம் வீரன் ஆடை களைகிறான், அவன் எல்லாம் வல்ல கடவுள். அப்புறம், நான் சிலுவையாக நிமிர்த்தப்பட்டேன், வலிமை மிக்க அரசனைத் தூக்கினேன், விண்ணகங்களின் ஹ்லாஃபோர்டைத் தூக்கினேன், குனியத் துணியவில்லை.

பதின்மூன்று வரியில் ஃப்ரேயா, டிரிஹ்டன், வீரன், கடவுள், அரசன், ஹ்லாஃபோர்ட். மோனை இவற்றில் பலவற்றுக்குக் காரணம், சரி. ஆனால் 'டிரிஹ்டனின் சொல்' வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டிரிஹ்டன் என்றால் போர்க்கூட்டத்தின் தலைவன். அவனுக்காக உயிரைக் கொடுப்பதுதான் வீரனின் கடமை. பகைவனை அடித்து வீழ்த்துவதும் கடமை. சிலுவைக்கு அந்தப் பலம் இருக்கிறது, எல்லாரையும் வீழ்த்தியிருக்க முடியும் என்று அதுவே சொல்கிறது. ஆனால் தலைவனின் கட்டளை அசையாமல் நில் என்பது. கீழ்ப்படிந்தால் தலைவனைக் கொல்லும் கருவி ஆக வேண்டும். காப்பாற்றினால் கட்டளையை மீற வேண்டும். விசுவாசமான வீரனுக்கு இதைவிடக் கொடுமையான நெருக்கடி கிடையாது. ஜெபத்தில் வரும் லார்ட் என்று படித்தால் இந்த நெருக்கடி கண்ணுக்கே தெரியாது. 75ஆம் வரியில், புதைந்து கிடந்த சிலுவையைத் தேடி எடுத்துப் பொன்னும் வெள்ளியும் பூட்டுகிறவர்களை 'டிரிஹ்டனின் வீரர்கள்' என்று பாட்டு சொல்லும்போது அந்தப் போர்க்கூட்டம் மறுபடி கூடிவிட்டது.

ஆறாம் படி: வில்லனுக்கும் அதே பட்டமா?

பேயோவுல்ஃப் இருக்கும் அதே சுவடியில் 'யூதித்' பாட்டும் இருக்கிறது. அசீரியப் படைத்தலைவன் ஓலொபெர்னேசின் தலையை யூதித் வெட்டும் விவிலியக் கதை. விருந்துக் காட்சியில், 21ஆம் வரியில், அவன் 'வீரர்களின் அச்சமூட்டும் டிரிஹ்டன்'. மோனை உயிரெழுத்தில், 'அச்சமூட்டும்', 'வீரர்கள்' என்ற சொற்களில் இருக்கிறது. டிரிஹ்டன் என்ற சொல்லை வரி கட்டாயப்படுத்தவில்லை. குடித்துவிட்டுப் படுக்கைக்குப் போகும்போது, 66ஆம் வரியில், 'கடுமனம் கொண்ட மாந்தர் தேயோடன்'.

யூதித் வாளை உருவிக்கொண்டு ஜெபிக்கிறாள். 91ஆம் வரியில் கடவுளை அவள் அழைக்கும் சொற்கள்: 'கடுமனம் கொண்ட மாந்தர் தேயோடன்'. எழுத்துக்கு எழுத்து அதே தொடர். அடுத்த வரியிலேயே 'வல்ல டிரிஹ்டனே, பழிவாங்கும்' என்கிறாள்.

கைவசம் இருந்த தொடரைப் புலவர் மறுபடி பயன்படுத்திக்கொண்டார் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்தைந்து வரி இடைவெளியில், ஒரே கூடாரத்துக்குள், பட்டம் கைமாறுகிறது; தலை விழுவதற்கு முன்பே ஓலொபெர்னேசின் பதவி பறிபோய்விட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இரண்டு இடத்துக்கும் வேறு வேறு சொல் போடுகிறார்கள், கொடியவனுக்கும் கடவுளுக்கும் ஒரே அடைமொழி பொருந்தாது என்று நினைத்து. அதனால்தான் ஒப்பிடும்போது எதிர்த்திசையிலும் பாருங்கள்: மொழிபெயர்ப்பில் வேறாக இருப்பது மூலத்தில் ஒன்றாக இருக்கிறதா?

ஏழாம் படி: பொருந்தாத சொல் கண்ணில் பட்டால் விடாதீர்கள்

இப்போது ஹெயர்ரா. ஜூனியஸ் சுவடியின் முதல் பாட்டு 'ஆதியாகமம்'. அதன் 235 முதல் 851 வரையிலான பகுதியில் கடவுளுக்கு எதிராகக் கிளம்பும் சாத்தான், 'நான் எதற்கு உழைக்க வேண்டும்? எனக்கு ஒரு ஹெயர்ரா தேவையே இல்லை' என்கிறான். இந்தப் பகுதியில் இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மற்றப் பழைய ஆங்கிலப் பாடல்களிலோ மிக அரிது.

எடுவார்ட் சீவர்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்படிப்பட்ட சொற்களையும் வரிகளின் நடையையும் பார்த்துவிட்டு, 1875இல் ஒரு முடிவுக்கு வந்தார்: இந்தப் பகுதி பழைய ஆங்கிலத்தில் பிறந்தது அல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் பழைய சாக்சன் மொழியில் இருந்த ஒரு பாட்டின் மொழிபெயர்ப்பு. அந்த மொழியில் 'ஹெர்ரோ' என்றால் தலைவன். இன்றைய ஜெர்மனின் 'ஹெர்' அதன் வாரிசு. அப்போது அந்த மூலப் பாட்டின் ஒரு வரிகூட யார் கையிலும் இல்லை. 1894இல் வத்திக்கான் நூலகத்துச் சுவடி ஒன்றில் கார்ல் சாங்கெமைஸ்டர் பழைய சாக்சன் வரிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒரு பகுதி ஆங்கிலப் பாட்டோடு வரிக்கு வரி பொருந்தியது.

ஆங்கில மொழிபெயர்ப்பில் இங்கேயும் 'லார்ட்' அல்லது 'மாஸ்டர்' என்றுதான் இருக்கும். அதை மட்டும் படித்து சீவர்ஸ் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எட்டாம் படி: பாட்டே மொழிபெயர்ப்பாக இருந்தால்

பாரிஸ் சுவடியில் 51 முதல் 150 வரையிலான சங்கீதங்கள் பழைய ஆங்கிலச் செய்யுளாக உள்ளன. இங்கே மூலம் லத்தீன், ஆகவே மூன்று பத்தி போட வேண்டும்: லத்தீன், பழைய ஆங்கிலம், இன்றைய ஆங்கிலம். லத்தீனில் 'டோமினுஸ்' என்று மட்டும் இருக்கும் இடத்தில் செய்யுளில் 'வல்ல டிரிஹ்டன்' என்றோ 'என்றுமுள்ள டிரிஹ்டன்' என்றோ வந்தால், கூடுதல் சொல் மோனைக்காக நிரப்பியது. கவிதை என்ற முறையில் இவை சுமார்தான். ஆனால் புலவர்கள் அடைமொழியை எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. சங்கீத எண் லத்தீன் வரிசைப்படி இருக்கும். தமிழ் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தின் 100ஆம் சங்கீதத்தை இங்கே 99இல் தேட வேண்டும்.

தமிழில் எழுதும்போது

தமிழில் மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நமக்கு ஆங்கிலத்தின் வறுமை இல்லை. டிரிஹ்டனுக்கு 'கர்த்தர்' வேண்டாம். அது செய்பவன் என்ற வேரில் வருவது, 'படைப்போன்' வரும் இடத்துக்குத்தான் நெருங்கும். 'ஆண்டவர்' பரவாயில்லை. என் தேர்வு 'இறைவன்'. திருக்குறளில் 5ஆம் குறளின் 'இறைவன்' கடவுள். 733ஆம் குறளில், வரி வாங்கும் 'இறைவற்கு' என்பதில் அரசன். கடலோடியின் 41, 43 இரண்டு வரியையும் இந்த ஒரு சொல் தாங்கும். வெயர்டுக்குக் 'காவலன்', தேயோடனுக்கு 'மக்கள் தலைவன்', ஃப்ரேயாவுக்குக் 'கோன்'. ஹ்லாஃபோர்டுக்கு 'படியளப்பவன்' என்று எப்போதும் போட முடியாது, சிலுவைக் காட்சியில் கொஞ்சம் இடிக்கும். ஆனால் ஆண்ட்ரேயாஸ் சீடர்கள் கேட்கும் கேள்விக்கு, 'படியளப்பவன் இல்லாமல் எங்கே போவோம்' என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஹெயர்ரா சாத்தான் வாயில் வரும்போது 'எசமான்' என்று போடுங்கள். அந்த இடத்தில் ஒரு அயல் வாடை இருப்பதே நல்லது.